வஞ்சி எங்கே? பெயர் மட்டும் போதுமா?

சேரர் தலைநகர் வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கத்துத் திருவஞ்சைக்களமா? இது பழைய வழக்கு. ரா. இராகவையங்கார் தமது 'வஞ்சிமாநகர்' நூலில் இலக்கியச் சான்றுகளை அடுக்கிக் கரூரே என்றார். முடிவு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பாட்டை மட்டும் நம்பினால், எதிர்த்தரப்பார் அதற்கே வேறு உரை சொல்லிவிடுவார்கள். வஞ்சி, வஞ்சைக்களம் என்ற ஒலி ஒற்றுமையும் அப்படித்தான். அது துப்பு, தீர்ப்பு ஆகாது.

மண்ணைக் கேட்டுப் பார்ப்போம். கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமக் காசும் கிடைத்துள்ளன. அருகே புகழூர் மலையில், சமணத் துறவி செங்காயபனுக்குக் குடைந்து தந்த உறையுளின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரரைப் பெயரிட்டுச் சொல்கிறது. தாலமி குறித்த 'கரௌரா'வும் உள்நாட்டு நகரமே.

வியாபாரி கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே காவிரிக்கு வரும் பாதையில் கரூர் இருக்கிறது. சரக்கு இறங்கும் துறை ஓரிடம், தலைமைக் கடை வேறிடம் என்பது நமக்குப் புதுசா என்ன? 2007இல் தொடங்கிய பட்டணம் அகழாய்வு முசிறித் துறையின் வாதத்துக்கு வலு சேர்த்தது, கரூரைக் குறைக்கவில்லை.

மலையாள நண்பர்களோடு இதைப் பேசும்போது இன்றைய மாநில எல்லையை இழுக்காதீர்கள். சேரர் காலத்தில் அது கிடையாது. பாட்டு, கல், காசு, பாதை நான்கும் ஒத்துவந்தால்தான் தொலைந்த ஊர் கிடைத்ததாகக் கணக்கு.