கோல்கீப்பரின் கணக்கு

கோல்கீப்பர் மாதிரி அநியாயமான வேலை வேறு கிடையாது. ஃபார்வர்டு ஒன்பது தடவை கோட்டைவிட்டுப் பத்தாவது தடவை அடித்தால் ஹீரோ. கோல்கீப்பர் ஒன்பதைப் பிடித்துப் பத்தாவதைக் கோட்டைவிட்டால் மறுநாள் பேப்பரில் அந்தப் பத்தாவதுதான் போட்டோ. அதே ஆசாமி பிற்பாடு கோச் ஆனால்? அப்போதும் இதே கணக்குதான். சந்தேகமிருந்தால் இத்தாலியின் டினோ ஜோஃபைப் பாருங்கள்.

1942-ல் பிறந்தவர். உயரம் போதாது என்று சின்ன வயசில் யுவென்டஸ், இன்டர் இரண்டு கிளப்பும் திருப்பி அனுப்பின. பாட்டி தினம் எட்டு முட்டை கொடுத்து வளர்த்ததாக ஒரு கதை உண்டு. முட்டையோ பரம்பரையோ, பையன் வளர்ந்துவிட்டான். 1972-லிருந்து 74 வரை இன்டர்நேஷனல் மேட்ச்களில் தொடர்ந்து 1142 நிமிஷம் ஒரு கோல்கூட விடவில்லை. 1978 உலகக் கோப்பையில் தூரத்திலிருந்து அடித்த பந்துகள் சில உள்ளே போக, அத்தனை பேரும் அவரைத்தான் திட்டினார்கள். மனிதர் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷம் கழித்து, 40 வயசில், கேப்டனாக அதே கோப்பையைத் தூக்கினார். அந்த 1982-ல் பிரேசிலுக்கு எதிராகக் கடைசி நிமிஷங்களில் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்தாரே, வீடியோ கிடைத்தால் விடாதீர்கள்.

இனி கோச் ஜோஃப். 1990-ல் யுவென்டஸுக்கு ஒரே சீசனில் இத்தாலியக் கோப்பை, யூஃபா கோப்பை இரண்டும் வாங்கிக் கொடுத்தார். பரிசு? வேலை போச்சு. கிளப்புக்கு இன்னும் கவர்ச்சியான ஆட்டம் வேண்டுமாம்.

அடுத்தது யூரோ 2000. இப்போது இத்தாலி அணியின் கோச். முதல் சாய்ஸ் கோல்கீப்பர் பஃபோன் காயம்பட்டு வரவில்லை. டோல்டோவை வைத்துக்கொண்டு, செமிஃபைனலில் பத்து பேரோடு ஆடி, பெனால்டியில் ஹாலந்தை வீட்டுக்கு அனுப்பினார். ஜூலை 2, ராட்டர்டாமில் பிரான்ஸோடு ஃபைனல். 55-வது நிமிஷம் டெல்வெக்கியோ கோல். டெல் பியரோவுக்கு இரண்டு அருமையான சான்ஸ், இரண்டும் வீண். கடைசி விசில் ஊத சில நொடிகள் இருக்கும்போது வில்டோர்ட் சமன் செய்தார். எக்ஸ்ட்ரா டைமில் முதல் கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று அப்போது ஒரு விதி. ட்ரெசெகே அடித்தார். முடிந்தது.

மறுநாள் பெர்லுஸ்கோனி கிளம்பினார். ஏ.சி. மிலான் முதலாளி, அப்போது எதிர்க்கட்சித் தலைவர். ஜிடானுக்கு ஓர் ஆளைக் காவல் போடத் தெரியாதா, இது தகுதியில்லாத வேலை என்கிற ரீதியில் போட்டுத் தாக்கினார். அடுத்த நாளே ஜோஃப் ராஜினாமா.

இந்த விமர்சனம் தேறுமா? முதல் கோல் பார்தேஸ் நீளமாக உதைத்த பந்து; ட்ரெசெகே தலை, வில்டோர்ட் கால். இரண்டாவது பிரெஸ் கொடுத்து ட்ரெசெகே அடித்தது. இரண்டிலும் ஜிடான் எங்கே? குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் வேறொன்று சொல்லலாம். ஜோஃபின் டீம்களுக்குக் கதவைச் சாத்தத் தெரிந்த அளவுக்கு மேட்ச்சை முடித்துவைக்கத் தெரியாது. கோல்கீப்பர் புத்தி. ஆனால் டெல் பியரோவின் ஒரு பந்து உள்ளே போயிருந்தால் இதையே 'மாஸ்டர் பிளான்' என்று எழுதியிருப்போம்.

அவசரப்பட்டுவிட்டார், ரோஷக்காரர் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1978-ல் திட்டியது அவர் விட்ட பந்துகளை. அதைத் தாங்கிக்கொண்டார். 2000-ல் கைவைத்தது அவர் மரியாதையில். முதலாவது விமர்சனம், இரண்டாவது வேறு சமாச்சாரம். ஆபீஸில் யாரையாவது திட்டுவதற்கு முன் நீங்களும் நானும் இந்த வித்தியாசத்தை ஒருதரம் யோசிப்பது நல்லது.

2005-ல் ஃபியோரென்டினாவை, கீழ் டிவிஷனுக்குப் போகாமல் சீசனின் கடைசி நாளில் காப்பாற்றிக் கொடுத்தார் ஜோஃப். அந்த சீசன் முடிந்ததும் அங்கேயும் வேறு கோச் வந்தார்.