கவலைப்படுவது அவிசுவாசமா?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோயில் வாசலில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுப்போம். வரும் ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் தந்த வார்த்தை அது என்று நம்பி, வேதப்புத்தகத்துக்குள்ளோ பீரோக் கதவிலோ வைத்துக்கொள்வோம். கவலைப்படாதே என்று சொல்லும் வசனம் எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரு முறை அது என்னைத் தாங்கியது. இன்னொரு முறை, அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் குற்றவாளி என்று தோன்றியது. வசனம் ஒன்றுதான். அதை என் கையில் கொடுத்தவர்கள் வேறு, கொடுத்த விதமும் வேறு.

முதலில், கவலையைத் தேவன்மேல் வைத்துவிடும் இந்தப் பழக்கத்தின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். வெளியே நின்று பார்க்கிறவர்கள் அதை மிகவும் குறைத்து மதிக்கிறார்கள். என் பெரியம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஜெபக்குறிப்பு எழுதுவார். மூத்தவன் வேலை, மருமகள் பிரசவம், கிணற்றில் தண்ணீர், வியாழக்கிழமை கட்ட வேண்டிய வட்டி. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. பதில் கிடைத்ததற்கு எதிரே ஒரு சிலுவைக் குறி போடுவார். இதில் நடப்பதைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். இன்னதென்று தெரியாமல் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஒன்று, ஒரு வரியாகச் சுருங்கி நோட்டுக்குள் வந்துவிடுகிறது. அதை ஒருவரிடம் ஒப்படைக்கவும் முடிகிறது. இரவு ஜெபம் முடித்ததும் பெரியம்மா தூங்கிவிடுவார். மறுநாள் வட்டிக்கு வழி பார்க்கவும் கிளம்பிவிடுவார்.

வீட்டு ஜெபக்கூட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடனில் மூழ்கிய குடும்பம் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாது. ஜெபக்குறிப்பாகச் சொன்னால் கௌரவம் குறைவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேர் அதைக் கேட்கிறார்கள். மறுநாள் அதில் ஒருத்தி சத்தமில்லாமல் அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். வசனம் என்னைத் தாங்கிய அந்த ஆண்டில் எனக்கு நடந்தது இதுதான். வேலை போயிருந்த எட்டு மாதமும், கவலைப்படாதே என்று சொன்னவர்கள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துதான் அதைச் சொன்னார்கள்.

இனி அந்தச் சொல்லையே பார்ப்போம். சங்கப் பாடல்களில் 'கவலை' என்ற சொல்லுக்குக் கவர்த்த வழி, பாதை பிரியும் இடம் என்றும் பொருள் உண்டு. புதிய ஏற்பாட்டில் கவலைக்கு நிற்கும் கிரேக்கச் சொல் 'மெரிம்னா'. அதைப் 'பிரித்தல்' என்ற வேரோடு சேர்த்து விளக்குவது நெடுநாள் மரபு. இரண்டு மொழிக்கும் உறவில்லை. ஆனாலும் மனம் இரண்டு பட்டு நிற்பதை இரண்டும் கண்டிருக்கின்றன. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், எதற்கும் கவலைப்பட வேண்டாம், வேண்டுதல்களைத் தேவனிடம் தெரிவியுங்கள் என்கிறார். அட்டையில் அச்சாவது இதுதான். அதே கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில், உங்களைப் பற்றித் தீமோத்தேயுவைப் போல உண்மையாக அக்கறைப்படுகிறவன் வேறு யாருமில்லை என்று பாராட்டுகிறார். மூலத்தில் இரண்டு இடத்திலும் 'மெரிம்னா'விலிருந்து வரும் ஒரே வினைச்சொல். கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் கடிதத்தில், எல்லாச் சபைகளைக் குறித்தும் தன்னை நாள்தோறும் அழுத்தும் பாரத்துக்கு அவர் வைக்கும் பெயரும் 'மெரிம்னா'தான். ஆக, கவலை முழுவதையும் பாவக் கணக்கில் எழுத வேதமே இடம் தரவில்லை. பிறருக்காகப் படும் கவலை அங்கே அன்பின் அடையாளமாகவே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிலிப்பியர் கடிதம் சிறையிலிருந்து எழுதப்பட்டது என்பதை எல்லாப் பிரசங்கிகளும் சொல்வார்கள். எப்பாப்பிரோதீத்து கையில் அந்தச் சபையார் கொடுத்தனுப்பிய உதவி வந்து சேர்ந்ததற்கு அது நன்றிக் கடிதமும்கூட என்பதைச் சொல்பவர்கள் குறைவு. என் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது என்று பவுல் நெகிழ்ந்து எழுதுகிறார். கவலைப்பட வேண்டாம் என்றதற்கு அடுத்த வசனத்தில் அவர் சொல்லும் புத்திக்கு எட்டாத சமாதானம் அவரிடம் தனியாக வரவில்லை. கூடவே ஓர் ஆளும் வந்தார்.

மலைப்பிரசங்கத்துக்கு வருவோம். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டும் அந்தப் பகுதி, மத்தேயு 6ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தில், 'ஆகையால்' என்றுதான் தொடங்குகிறது. எதனால் ஆகையால்? முந்திய வசனம், தேவனுக்கும் பணத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்கிறது. அட்டையில் அந்த வசனம் இருப்பதில்லை. வெட்டியெடுத்த பின், காணிக்கை போட்டால் கடன் தீரும், விசுவாசித்தால் வீடு வரும் என்று பணத்தையே கவலைக்கு மருந்தாகக் காட்டும் பிரசங்கத்துக்கும் 'கவலைப்படாதே' வசனத்தையே பயன்படுத்திவிடுகிறார்கள். கடன்பட்டவன் கையிலிருந்து கடைசி நோட்டையும் வாங்குகிற இந்தப் பிரசங்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பகுதி முடிவதோ, அந்தந்த நாளுக்கு அதனதன் பாடு உண்டு என்று ஒப்புக்கொண்டு.

இந்தப் பழக்கத்தின் பெரிய குறை, ஆறுதலைப் பரீட்சையாக்கிவிடுவது. கவலைப்படாதே என்பது நடுங்குகிறவனின் தோளில் வைக்கும் கை. அதையே 'கவலைப்பட்டால் உனக்கு விசுவாசம் இல்லை' என்று திருப்பிவிட்டால், ஏற்கெனவே தூங்காதவனுக்கு நரக பயமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாம் முறை அட்டை வந்த ஆண்டில் மாதக்கணக்கில் எனக்குத் தூக்கமில்லை. காரணமே இல்லாமல் கை வியர்க்கும். ஜெபக்கூட்டத்தில் ஒருவர், எதையோ அறிக்கையிடாமல் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்றார். அதற்குப் பின் நான் வாய் திறக்கவில்லை. "எப்படி இருக்கீங்க, அண்ணே?" என்றால், "கர்த்தர் கிருபையில் சுகம்" என்பேன். நம் சபைகளில் சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறவர்கள் எல்லாரும் கரையேறியவர்கள். நடு வெள்ளத்தில் நிற்பவன் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறோமா?

வேதம் ஒதுக்கியிருக்கிறது. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் விடியாமலே, இருளிலேயே முடிகிறது. கெத்செமனேயில் இயேசுவே கலங்கினார். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, செத்தால் போதும் என்றபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். எழுப்பி மறுபடியும் கொடுத்தான். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள்தான்.

உளவியலும் இதைக் கவனித்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல், துன்பத்தில் மனிதர் கடவுளைச் சார்ந்து நிற்கும் விதத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது, எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது, கடவுளோடு சேர்ந்து உழைப்பது. பெரியம்மா மூன்றாவது வகை. 2001இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் பார்கமென்ட்டும் வேறு சில ஆய்வாளர்களும் 596 முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற போராட்டத்தில் இருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. இது ஒரு தொடர்பு மட்டுமே, காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் படுக்கையில் கிடப்பவரிடம், உன் பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லும் முன் நாம் நடுங்க வேண்டும்.

ஜெபித்தால் போதும், மாத்திரை எதற்கு என்பவர்கள் ஈ. ஸ்டான்லி ஜோன்ஸின் வாழ்க்கையை முழுவதும் படிக்க வேண்டும். 1907இல் இந்தியா வந்த இந்த மெதடிஸ்ட் மிஷனரி, மனமும் உடலும் அடிக்கடி நொறுங்கி ஊழியத்தையே விட்டுவிடும் நிலைக்குப் போனவர். லக்னோவில் ஒரு நாள் ஜெபத்தில் தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்தபோது விடுதலை பெற்றதாக அவரே எழுதியிருக்கிறார். இந்தச் சாட்சி பிரசங்கங்களில் வரும். அதே மனிதர் 1950இல் அதே லக்னோவில் 'நூர் மன்ஸில்' மனநல மருத்துவமனையைத் தொடங்கினார் என்பது வருவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. விசுவாசிகள் கட்டிய இந்த இடங்களுக்குப் போவதை அவிசுவாசம் என்று எப்படிச் சொல்கிறோம்?

நான் கடைசியில் மருத்துவரிடம் போனேன். மாத்திரை சாப்பிட்ட ஆறாவது வாரத்தில்தான் ஒரு ஜெபத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடிந்தது. கவலையைத் தேவன்மேல் வைத்துவிடும் இந்தப் பழக்கத்தை நான் விடப்போவதில்லை. அதைவிடப் பெரிய ஆறுதலை நான் கண்டதில்லை. ஜெபக்கூட்டம் நடத்துகிற அன்பானவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஒருவர் தூக்கமில்லை என்று சொன்னால், என்ன பாவம் என்று கேட்க வேண்டாம். எத்தனை நாளாக என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், ஜெபித்துவிட்டு, அவரோடு நீங்களும் மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.