எழுத்தழிந்த செப்புக்காசும் ‘இராசராசன் காசு’ என்னும் பெயரும்

ஒருபுறம் நின்ற மனித உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்து. இவ்வமைப்புடைய செப்புக்காசு சோழமண்டலத்தில் கிடைத்தவுடன் ‘இராசராசன் காசு’ எனக் குறித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எழுத்துத் தெளிவாயின் தடையில்லை. தேய்ந்த காசுக்கும் அதே பெயரை இடுவது ஆய்வுக்குரியது.

இவ்வுருவமைப்பு சோழர்க்கு மட்டும் உரியதன்று. முதலாம் பராக்கிரமபாகு முதலிய இலங்கை மன்னர்களும் இதே அமைப்பில், நாகரி எழுத்திலேயே தம் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டனர். காட்ரிங்டனின் இலங்கை நாணய நூல் (1924) இவற்றை விரிவாக விளக்குகிறது. எனவே ‘ஸ்ரீ’ மட்டும் எஞ்சிய காசு எதையும் நிறுவாது. ‘ஜ’ தெரிந்தாலும் அவ்வெழுத்து விஜயபாகுவின் பெயரிலும் உண்டு. ‘ஸ்ரீ ராஜ’ வரை படிக்க முடிந்தாலும் ஐயம் தீராது. அரசி லீலாவதியின் காசில் உள்ளது ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்பதே. இரண்டாவது ‘ராஜ’ புலனாகாதவரை அடையாளம் முற்றுப்பெறாது. எடையும் துணைசெய்யாது: இருவகையும் ஏறத்தாழ ஒத்த எடையின, இருக்கும் சிறு வேறுபாட்டையும் தேய்மானம் அழித்துவிடும்.

கிடைத்த இடமே போதிய சான்று என்பர். கங்கைகொண்ட சோழபுரத்தில் இவ்வாதம் வலுவிழக்கிறது. அந்நகரை எடுப்பித்தவன் முதலாம் இராசேந்திரன். அவன் தந்தையின் ஆட்சி 1014இல் முடிந்தது. ஆகவே அங்குக் கிடைக்கும் முதலாம் இராசராசனின் காசு, அவன் காலத்துக்குப் பின்னும் கைமாறிவந்த காசேயாகும். நகரோ 13ஆம் நூற்றாண்டு வரை தலைநகராக நிலைத்தது. லீலாவதியின் காசு வந்துசேர அக்காலம் போதும். முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளிலேயே ‘ஈழக்காசு’ என்னும் பெயர் பயில்வதும் எண்ணத்தக்கது.

பழைய இடக்குறிப்புகளிலும் ஓர் இடர் உண்டு. இவ்வூர் 1995க்கு முன் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், பின்னர்ப் பெரம்பலூரிலும், 2001இல் அரியலூரிலும், 2002இல் மீண்டும் பெரம்பலூரிலும் இருந்து, 2007 முதல் அரியலூரில் உள்ளது. ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்று மட்டும் கூறும் குறிப்பு வாலிகண்டபுரத்தையும் சுட்டலாம், மாளிகைமேட்டையும் சுட்டலாம். இக்குறிப்புகளைக்கொண்டு காசுப் பரவலை வரைபடமாக்குவது ஆட்சியர் அலுவலக வரலாற்றை வரைவதாகவே முடியும்.

கல்வெட்டுப் பதிப்பில் சிதைந்த எழுத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் மரபு காசுப்பதிவுக்கும் பொருந்தும். உருவவகை, எஞ்சிய எழுத்து, ஊர், மண்ணடுக்கு ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்த பிறகே மன்னன் பெயரை எழுத வேண்டும். எழுத்துப் போதாதெனில் அவ்விடத்தை வெறுமையாக விடலாம்.