'காட்' என்றால் காடு அல்ல

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது, தொப்பூர் வந்ததும் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். வளைவுகள் அப்படி. 'இதை ஏன் காட் ரோடுன்னு சொல்றாங்க?' என்று பக்கத்து சீட்காரரைக் கேட்டுப் பாருங்கள். 'சுத்திக் காடா இருக்குல்ல சார், அதான்!' என்பார். எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

'காட்'டுக்கும் காட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தியில் காட் (முதல் எழுத்தை அடிவயிற்றிலிருந்து அழுத்திச் சொல்லவேண்டும்) என்றால் முதலில் படித்துறை. காசியில் கங்கைக்கு இறங்கும் படிகள். துணி வெளுக்கும் துறையும் காட்தான். ரெண்டுங்கெட்டானை, 'சலவைக்காரன் நாய், வீட்டுக்கும் ஆகாது, துறைக்கும் ஆகாது' என்பது அவர்கள் பழமொழி.

படித்துறை எப்படி மலையேறியது? 1886-ல் யூலும் பர்னெலும் கொண்டுவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி, மூன்று அர்த்தங்களை வரிசையாகத் தருகிறது. ஆற்றுக்கு இறங்கும் துறை. மலையிலிருந்து இறங்கும் பாதை, அதாவது கணவாய். கடைசியாகத்தான் அந்தக் கணவாய்கள் உள்ள மலைத்தொடர். ஆக, சொல்லின் உயிர் இறக்கத்தில் இருக்கிறது.

வேர், சம்ஸ்கிருத 'கட்ட' என்கிறார்கள். கன்னடத்தில் மலைத்தொடருக்கு 'கட்ட', தெலுங்கில் கரைக்கு 'கட்டு', நம்மிடமும் 'கட்டு' இருப்பதால், மூலமே திராவிடம்தான் என்பவர்களும் உண்டு. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால், ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாட எனக்குத் தயக்கம். இப்போதுதானே காட்டில் ஏமாந்தோம்!

என் குறை வேறு. 'வெஸ்டர்ன் காட்ஸ்' என்பதை 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்று அழகாகத் தமிழாக்கினோம். மலையைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தை விட்டுவிட்டோம். சாலைக்கு வந்தால் அதுவும் இல்லை, 'காட் செக்‌ஷன்' என்று வெறும் ஒலி.

பெங்களூர் பக்கமிருந்து பாரத்தோடு வரும் லாரிக்குத் தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், எஞ்சினின் பிடி போய் மொத்த சுமையும் பிரேக்கின் தலையில் விழும். அது சூடேறிக் கைவிடும். 2020 டிசம்பரில் ஒரு விபத்து, 2024 ஜனவரியில் ஒரு விபத்து. ஒவ்வொன்றிலும் நாலு பேர் செத்தார்கள்.

வடநாட்டு டிரைவருக்காவது 'காட்' என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். நம்மூர்க்காரருக்கு? நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் எழுதுங்கள்: 'இறக்கம். கியரில் வரவும்.'

சில சொற்களுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் பரீட்சையில் மார்க்தான் போகும். இதற்கு உயிர் போகிறது.