திறந்த கதவும் வெறும் பாதையும்

தனிமை என்பது துணையின்மை மட்டுமன்று. துணையிருந்தும் தீராத வெறுமையும் தனிமையே. இவ்வுண்மையை அரங்கிற் காட்டிய பிரெஞ்சு நாடகங்களுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கன. ஒன்று, ஜேர்மனியரின் ஆதிக்கத்துட் பாரிஸ் நகர் கிடந்த 1944ஆம் ஆண்டு மே மாதத்தில் மேடையேறிய சாத்தரின் 'மூடிய கதவு'. மற்றையது, அயர்லாந்திற் பிறந்த சாமுவேல் பெக்கெற் பிரெஞ்சு மொழியில் எழுதி, 1953ஆம் ஆண்டு சனவரியில் அந்நகரிலேயே அரங்கேறிய 'கோடோவை எதிர்பார்த்து'.

சாத்தரின் நரகத்திலே தீயுமில்லை, வதைக்குங் கருவிகளுமில்லை. கண்ணாடியற்ற ஓரறையில், இறந்துபோன மூவர் அடைபட்டுள்ளனர். தம்மைத் தாமே காணவியலாமையால் ஒவ்வொருவரும் பிறர் கண்ணிலே தம் உருவைத் தேடுகின்றனர். நாடகம் முடிவுறுமுன் அறைக்கதவு திறந்துகொள்கின்றது; ஆயினும் கார்சேன் வெளியேறினானல்லன். தான் கோழையல்லன் என்பதை இனேஸ் என்பாள் ஏற்றுக்கொள்ளும்வரை அவனுக்கு விடுதலையில்லை.

பெக்கெற்றின் நாடகத்திற் கதவே இல்லை. நாட்டுப்புறத்துப் பாதையொன்று, ஒரு மரம், மாலைப்பொழுது. விளாடிமிர், எஸ்திராகோன் என்னும் இருவர் கோடோ என்பவனை எதிர்நோக்கியுள்ளனர். அவன் இன்று வாரான், நாளை வருவான் என ஒரு சிறுவன் வந்து சொல்கின்றான். இரண்டாம் அங்கத்திலும் அதே செய்தி. புறப்படுவோமென இசைந்தும் இருவரும் அசையாதிருக்கத் திரை விழுகின்றது.

இவ்வாறு இரு நாடகங்களிலும் வழி திறந்தேயுள்ளது, செல்வாரில்லை. தம் வாழ்வின் பொருளைத் தமக்குப் புறத்தேயுள்ள ஒருவரிடமிருந்து பெற விழைவதே இருசாராரையும் பிணிக்குந் தளையாகும். எனினும் இவற்றிடையே ஒரு வேறுபாடுண்டு. சாத்தரின் மூவர் ஒருவர்க்கொருவர் நீதிபதிகளாகின்றனர். பெக்கெற்றின் இருவர் பூசலிட்டும் பிரிகின்றாரல்லர். எஸ்திராகோன் உறங்குகையில் விளாடிமிர் தன் மேலங்கியைக் கழற்றி அவனைப் போர்த்துகின்றான். பின்னர்த் தன் குளிர் நீங்க அங்குமிங்கும் நடக்கின்றான். இந்நாடகம் நம்பிக்கையை அழிப்பதெனக் கடிவோர், உரையாடலை மட்டுங் கேட்டுச் செயலைக் காணத் தவறியோராவர்.

1957ஆம் ஆண்டு நவம்பரிற் கலிபோர்ணியாவின் சான் குவென்ரின் சிறைச்சாலையில் இந்நாடகம் நடிக்கப்பட்டது. கற்றோர் பலர் விளங்காததென ஒதுக்கிய அதனைக் கைதிகள் ஊன்றி நோக்கினர். காத்திருத்தல் இன்னதென அவர்களுக்கு எவரும் உரைக்கவேண்டியிருக்கவில்லை.

சாத்தர் தம் கொள்கையைப் பாத்திரங்களின் வாயிலாக நிறுவுகின்றார். பெக்கெற் எதனையும் நிறுவ முயலவில்லை. கோடோ வாரானாயினும், குளிரில் உறங்குவானைப் போர்த்தும் கை அங்கே உண்டு. அதனைக் கண்டுகொள்ளும் பொறுப்பு பார்ப்போரைச் சார்ந்தது.