விடையை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

"ஐந்துக்குப் பிறகு ஓடும் தண்ணீர் (2)" என்று ஒரு குறிப்பு. படித்ததும் மாலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் நினைவுக்கு வருகிறது. விடை அங்கே இல்லை. ஐந்துக்குப் பிறகு வரும் எண் ஆறு. ஓடும் தண்ணீரும் ஆறு. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்துக் கணக்கு. கிரிப்டிக் குறுக்கெழுத்து செய்கிற வேலை இதுதான்: வாக்கியம் நம்மை ஒரு பக்கம் கூட்டிப்போகும், விடை வேறொரு பக்கம் இருக்கும். சாதாரணக் குறுக்கெழுத்து நமக்கு ஒரு சொல் தெரியுமா என்று கேட்கிறது. இதுவோ, நன்றாகத் தெரிந்த சொல்லே கண்ணில் படாதபடி செய்கிறது. ஆகவே புதிதாக வருபவர் வெற்றுக் கட்டத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது என் கட்சி. விடைகளையும் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் குறிப்புக்கு இந்த விடை எப்படி வந்தது என்று விளக்கிப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விடையைப் பார்த்துவிட்டால் புதிரில் என்ன மிச்சம் என்று கேட்பார்கள். 'ஆறு' என்ற விடையில் ரசிக்க எதுவும் இல்லை. குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. ரசிக்க வேண்டியது அதை ஒளித்து வைத்த விதம். ஒளித்தவர் நேர்மையாக நடந்துகொண்டாரா என்பதை விடை தெரிந்தவரால்தான் சோதிக்க முடியும். "வாசலை அடைப்பது குலைந்த தகவு (3)" என்ற குறிப்பைப் பாருங்கள். விடை கதவு. 'வாசலை அடைப்பது' நேர்ப்பொருள். 'தகவு' என்ற சொல்லின் எழுத்துகளைக் குலைத்து அடுக்கினால் கதவு. 'குலைந்த' என்பது அதற்கான ஆணை. ஒரு சொல்கூட வீணாக இல்லை, ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. இப்படிச் சில குறிப்புகளைப் பிரித்துப் பார்த்தபின், கலைந்த, சிதறிய, குழம்பிய போன்ற சொற்கள் எங்கே வந்தாலும் கண் தானாக அங்கே நிற்கும்.

இந்த நேர்மை முதலிலிருந்தே இருந்ததல்ல. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் நேரான குறிப்புகளே இருந்தன. அதை மர்மமாக்கியது இங்கிலாந்து. அப்சர்வர் இதழில் எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ், ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைத் தலைவர் டார்க்மாடாவின் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொண்டு வாசகர்களைத் திணற அடித்தார். அவருக்குப் பின் 1939இல் அந்த இடத்துக்கு வந்தவர் டெரிக் மெக்நட். ஸிமினீஸ் என்பது அவர் புனைபெயர். 1966இல் வெளியான தம் நூலில் அவர் வகுத்த நெறி இன்றும் அளவுகோலாக இருக்கிறது: குறிப்பில் நேர்ப்பொருள் இருக்க வேண்டும், சொல் விளையாட்டு இருக்க வேண்டும், வேறெதுவும் இருக்கக் கூடாது. நேர்ப்பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில். தொடக்கநிலை வாசகருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

"தாரை மடியில் மகன் தலை சாய்ந்தால் பூ (3)". ராமாயணத்து வாலியின் மனைவி கண்முன் வந்துவிடுவாள். அவளை மறந்துவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். மகனின் தலை 'ம'. அது 'தாரை'யின் நடுவில் அமர்ந்தால் தாமரை. "பொங்கு திரைக்குள் மறைந்து ஓடும் விலங்கு (3)" என்பதில் 'பொங்கு திரை'யைச் சேர்த்து வாசித்தால் குதிரை துள்ளி வரும்.

இது ஆங்கிலத்துக்கே உரிய விளையாட்டு, வேற்றுமை உருபும் சந்தியும் சேர்ந்து சொல்லை மாற்றிவிடும் தமிழில் ஒட்டாது என்பது கனமான ஆட்சேபம். 'தகவைக் குலைத்தால்' என்று எழுதியிருந்தால் 'தகவு' என்ற சொல்லே குறிப்பில் இல்லாமல் போயிருக்கும், அது அநியாயம். ஆனால் இது புதிர் அமைப்பவருக்குக் கூடுதல் கட்டுப்பாடு, அவ்வளவுதான். கட்டுப்பாட்டுக்கு அஞ்சிய மொழியா இது? சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று பிரித்து வைத்தது தண்டியலங்காரம். ஒரே சொல் இரு பொருள் தருவது முதல் வகை, 'ஆறு' போல. சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தருவது இரண்டாம் வகை. சித்திரகவியில் மாலைமாற்று உண்டு, எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கும் அக்கரச்சுதகம் உண்டு, ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுளும் உண்டு. குறுக்கெழுத்து இவற்றிலிருந்து பிறந்தது என்று சொல்ல வரவில்லை. புலவர் இரு பொருளையும் காட்டி வியக்க வைப்பார், புதிர்க்காரர் ஒன்றை மறைத்துத் தேட வைப்பார். இந்த வேறுபாடு பெரியது. ஆனால் சொல்லைப் பிரித்தும் திருப்பியும் பார்க்கும் பழக்கம் தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இவ்வகை தமிழில் சரளமாக நடக்கும் என்பதைக் காட்டிவிட்டன.

எழுத்து முறையும் நமக்குச் சாதகமே. தமிழ்க் கட்டத்தில் உயிர்மெய் ஒரே கட்டத்தில் அடங்குவதால் விடைகள் குட்டையாக அமைகின்றன. மூன்று எழுத்துகளை ஆறு விதமாகவும், நான்கை 24 விதமாகவும்தான் அடுக்க முடியும். காகிதத்திலேயே எழுதிப் பார்த்துவிடலாம். அகராதி அறிவு வேண்டாமா என்றால், மேலே வந்த விடைகளில் அகராதி தேடவேண்டியது எது என்று கேட்பேன்.

கடைசியாக ஒன்று: "கை வை, திரும்பி ஓடும் மதுரை ஆறு (2)". மதுரை ஆறு எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. விடையை எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்கு ஓடாதீர்கள். 'திரும்பி' என்ற சொல் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கண்டுபிடித்த பிறகு ஓடுங்கள்.