போர்க்களத்து ஆவிகளும் நம்பிக்கையின் எல்லையும்

அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலையில் மூன்று நாள் நடந்த போரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்தம் ஆவிகளைக் காண இன்று மக்கள் கட்டணம் செலுத்தி இரவு உலாச் செல்கின்றனர். மின்காந்த அளவியும் ஒலிப்பதிவுக் கருவியும் கையில் ஏந்திய ஆவி வேட்டையர் நம் நாட்டிலும் தோன்றிவிட்டனர். பகுத்தறிவாளர் இதனைப் பார்த்து நகைத்துவிட்டுப் போகலாம். மறைவானவற்றை நம்புதல் ஈமானின் பகுதி எனக் கொண்ட நாம் அவ்வாறு எளிதில் கடந்துவிட இயலாது. நம்பிக்கையின் எல்லை எது என்பதை நாம் வரையறுத்தாக வேண்டும்.

மின்காந்த அளவி மின்கம்பிக்கும் கைபேசிக்கும் அசையும். பதிவின் இரைச்சலைத் திரும்பத் திரும்பக் கேட்பவர் காதில், அவர் எதிர்பார்த்த சொல்லே விழும். மறுமொழி எதுவாயினும் அதனைச் சான்றாகக் கொள்ளும் சோதனை சோதனையாகாது.

இந்த வேட்கை புதியதும் அன்று. கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாகி, பழிவாங்கும்வரை தாகத்தால் அலறும் என்று அறியாமைக் கால அரபியர் நம்பினர். அதனை அவர்கள் 'ஹாமா' என்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்நம்பிக்கையை வெளிப்படையாக மறுத்தார்கள். இறந்தோருக்கும் இவ்வுலகுக்கும் இடையே 'பர்ஸக்' என்னும் திரை உண்டென்கிறது திருக்குர்ஆன். ஜின்கள் உண்டென்பதும் அதன் கூற்றே. எனினும் ஜின் இறந்த மனிதனின் ஆவியன்று. பத்ரில் மாண்ட குறைஷித் தலைவர்களை நபியவர்கள் விளித்துப் பேசிய நிகழ்ச்சியைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். மாண்டோர் அதனைச் செவியுற்றனரா என்பதில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள். அந்த விவாதமோ மாண்டோரின் செவியைப் பற்றியதேயன்றி, அவர்களுடைய குரலைப் பற்றியதன்று.

நமக்கு அண்மையிலேயே ஒரு களம் உண்டு. 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி, நிஜாம் அலி கான் ஆகியோரின் கூட்டுப்படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப்படையும் பொருதன. அடி அண்ணாமலை வழியே பௌர்ணமி இரவில் கிரிவலம் வருவோரில் அதனை அறிந்தோர் எத்தனை பேர்? இங்கே ஓர் ஆவி பேசுமாயின் எத்தரப்புக்காகப் பேசும்? ஹைதர் முஸ்லிம், கும்பினியின் பக்கம் நின்ற ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியும் முஸ்லிம். நிஜாமோ 1768 பிப்ரவரியில் கும்பினியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். கும்பினிப் படையிலும் பெரும்பாலோர் இம்மண்ணின் சிப்பாய்களே. நம்மவர், அயலார் என எளிதாகப் பிரிக்க விரும்புவோர்க்கு இவ்வரலாறு இடங்கொடுப்பதில்லை. ஆவி வேட்டையோ இக்கேள்விகளையே எழுப்புவதில்லை. அதற்கு ஊர் பேர் அற்ற ஓர் அலறல் போதும்.

இதே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றை 1972இல் நூலாக வெளியிட்டது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்தப் பூசலில், யார் பட்டான் என்பதை அக்கற்கள் பொறித்து வைத்துள்ளன. கல்லுக்குப் படையலிடுவது நம் வழியன்று. ஆயினும் இறந்தவனின் பெயரையும் அவன் இறந்த காரணத்தையும் காத்துவைக்கும் அக்கடமை உணர்வை நாம் மதிக்கிறோம். 1767இன் சிப்பாய்களுக்கு அக்கடமையை நாம் இன்னும் ஆற்றவில்லை. மாண்டோரின் நிலையை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் வரலாற்றை ஆவணங்களில் தேடுவதே நம் பணி.